உங்கள் லாப்டாப்பே சர்வர்: வீட்டிலேயே வெப் சர்வர் அமைக்க முழுமையான வழிகாட்டி

பெங்களூர் அல்சூரில் என் மாமா பலகாரக் கடை வைத்திருக்கிறார். முறுக்கு, அதிரசம், தட்டை, தீபாவளி என்றால் லேகியம் வரைக்கும். மூன்று வருடத்துக்கு முன் அவருக்காக நானே கையால் எழுதிய ஒரு சின்ன ஆர்டர் பக்கம் இணையத்தில் ஓடிக்கொண்டிருந்தது. தீபாவளிக்கு எட்டு நாள் இருக்கும்போது, விலையை மட்டும் மாற்றிவிடலாம் என்று ஓடுகிற தளத்திலேயே கைவைத்தேன். ஓர் அரைப்புள்ளி விட்டுப்போயிற்று. நான் அதைக் கவனிக்காமல் சில்க் போர்டு நெரிசலில் பஸ்ஸில் உட்கார்ந்திருக்க, மாமாவிடமிருந்து ஃபோன்: "ஏம்ப்பா, கடைப் பக்கத்துல ஏதோ 500ன்னு வருது, அது எதோட விலை?"

விலை இல்லை, சர்வர் உள்ளுக்குள் விழுந்துவிட்டால் காட்டும் எண் அது. அன்றைக்கு ராத்திரிதான் என் லாப்டாப்பில் ஒழுங்காக ஒரு லோக்கல் சர்வர் போட்டேன். அதற்கப்புறம் எந்தத் தளத்தையும் முதலில் இங்கே உடைத்துப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுகிறேன். போன மாதம் எங்கள் மடிவாளா பிஜியில் (பேயிங் கெஸ்ட் விடுதி) பக்கத்து அறைத் தம்பிக்கு இதையே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். பகலில் கூரியர் ஆபீஸ் வேலை, ராத்திரியில் வெப் டெவலப்மென்ட் படிக்கிறான். அவன் எங்கெல்லாம் முட்டிக்கொண்டு நின்றானோ அங்கெல்லாம் இந்த வழிகாட்டியில் கொஞ்சம் அதிக நேரம் நிற்கப்போகிறேன்.

ஒரு விஷயம்: மெனு, பட்டன், ஃபோல்டர் பெயர்களை எல்லாம் இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் தட்டும்போது திரையில் எப்படி இருக்கிறதோ அப்படி ஆங்கிலத்திலேயே தட்டுங்கள்.

சர்வர் என்றால் என்ன, அது ஏன் உங்கள் மடியில் இருக்கலாம்

சர்வர் என்றதும் ஏசி அறையில் விளக்கு மினுக்கும் அலமாரிதான் பலருக்கு நினைவுக்கு வரும். உலகின் முதல் வெப் சர்வர் 1990இல் செர்ன் ஆய்வகத்தில், வெப்பைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீயின் மேசை மேல் இருந்த ஒரு நெக்ஸ்ட் கணினி. யாராவது தெரியாமல் அணைத்துவிடப்போகிறார்கள் என்று 'இது சர்வர், அணைக்காதீர்கள்' என்கிற மாதிரி ஒரு சீட்டை அதில் ஒட்டிவைத்திருந்தார். அவ்வளவுதான் சர்வர். யாராவது கேட்டால் பதில் கொடுக்கக் காத்திருக்கும் ஒரு புரோகிராம், அது ஓடும் ஒரு கணினி.

பெங்களூரில் இருப்பவர்களுக்கு தர்ஷினியை (நின்றுகொண்டே சாப்பிடும் சின்ன ஹோட்டல்) வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். கவுண்டரில் டோக்கன் வாங்கிப் பார்த்து, கேட்டதை எடுத்து வைப்பவர் அப்பாச்சி என்ற வெப் சர்வர் புரோகிராம். இட்லி ஏற்கெனவே வெந்து தயாராக இருக்கிறது, கேட்டால் எடுத்துத் தட்டில் வைத்துவிடலாம்: எச்டிஎம்எல் கோப்பு, படம் எல்லாம் அந்த வகை. தோசை அப்படி இல்லை, சொன்ன பிறகுதான் ஊற்ற வேண்டும், அதற்கு உள்ளே ஒரு மாஸ்டர் தேவை. அவர்தான் பிஎச்பி என்ற புரோகிராமிங் மொழி. மாஸ்டருக்கு மாவும் உருளைக்கிழங்கும் வரும் ஸ்டோர் ரூம்தான் தகவல்களைச் சேமித்து வைக்கும் டேட்டாபேஸ், இங்கே மரியாடிபி என்ற மென்பொருள்.

இதைப் புரிந்துகொண்டால் தம்பி மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயம் தானாகவே தீர்ந்துவிடும். அவன் பிஎச்பி கோப்பை டபுள் கிளிக் செய்து பிரவுசரில் திறந்துகொண்டிருந்தான். கவுண்டருக்கே போகாமல் நேராகச் சமையலறைக்குள் புகுந்து மாவை அள்ளிக்கொண்டு வந்த மாதிரி. மாவுதான் கிடைக்கும், தோசை கிடைக்காது. முகவரிப் பட்டையில் 'ஃபைல்' என்று தொடங்கினால் நீங்கள் கவுண்டர் வழியாகப் போகவில்லை என்று அர்த்தம், 'லோக்கல்ஹோஸ்ட்' என்று தொடங்கினால் சரியான வழியில் வந்திருக்கிறீர்கள்.

வெறும் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் மட்டும் பழகுகிறவர் என்றால் இவ்வளவு பெரிய ஏற்பாடே வேண்டாம். விஎஸ் கோடு எடிட்டரில் லைவ் சர்வர் என்ற எக்ஸ்டென்ஷனைப் போட்டு, கீழே மூலையில் வரும் 'கோ லைவ்' பட்டனைத் தட்டினால் 5500 என்ற போர்ட்டில் தளம் ஓடும், கோப்பைச் சேமித்ததும் பக்கம் தானே புதுப்பித்துக்கொள்ளும். வேர்ட்பிரஸ் (தளம் கட்ட உதவும் இலவச மென்பொருள்), பிஎச்பி, டேட்டாபேஸ் வேண்டும் என்கிறவர்கள் தொடர்ந்து படியுங்கள்.

என்ன மெஷின் வேண்டும்

எதுவும் போதும். எஸ்பி ரோட்டில் வாங்கிய பழைய லாப்டாப்பில் 4 ஜிபி ராமோடு ஓட்டியிருக்கிறேன், ஓடும், ஆனால் பிரவுசரில் இருபது டேபைத் திறந்து வைத்தால் மூச்சுத் திணறும். 8 ஜிபி இருந்தால் நிம்மதி. பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் ராமை விட எஸ்எஸ்டிக்குப் போடுங்கள், சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்கில் வேர்ட்பிரஸின் ஆயிரக்கணக்கான குட்டிக் கோப்புகளைப் பிரித்துப் போடுவதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்.

நான் விண்டோஸை வைத்துச் சொல்கிறேன். நாம் நிறுவப்போகும் எக்ஸாம்ப் என்ற மென்பொருள் மேக்கிலும் லினக்ஸிலும் கிடைக்கும், ஃபோல்டர் இருக்கும் இடமும் அதன் கன்ட்ரோல் பேனலின் முகமும் மாறும், விஷயம் ஒன்றுதான்.

எக்ஸாம்ப்பை இறக்கி நிறுவுதல்

அப்பாச்சி, மரியாடிபி, பிஎச்பி, பெர்ல் எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டித் தருவதுதான் எக்ஸாம்ப். அப்பாச்சி ஃப்ரெண்ட்ஸ் என்ற குழு 2002 முதல் இலவசமாகக் கொடுத்துவருகிறது. அதன் கன்ட்ரோல் பேனலில் இன்னும் மைஎஸ்க்யூஎல் என்ற பழைய டேட்டாபேஸின் பெயரே எழுதியிருக்கும், ஆனால் உள்ளே இருப்பது மரியாடிபி. மைஎஸ்க்யூஎல்லை உருவாக்கிய மைக்கேல் விடேனியஸ் முதலில் தன் மூத்த மகள் 'மை'யின் பெயரை வைத்தார், அந்த நிறுவனம் கைமாறிய பிறகு 2009இல் தனியாகப் பிரித்துக்கொண்டு வந்ததற்கு இளைய மகள் மரியாவின் பெயர். அக்கா பெயர்ப் பலகைக்குப் பின்னால் தங்கை வேலை பார்க்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாச்சி ஃப்ரெண்ட்ஸின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். நான் கடைசியாகப் போட்டது பிஎச்பி 8.2 வரிசை, ஏறக்குறைய 150 எம்பி. நிறுவிய பிறகு அதைப் போலப் பல மடங்கு இடம் பிடிக்கும், இரண்டு ஜிபியாவது காலியாக வைத்திருங்கள்.

நிறுவும்போது யூசர் அக்கவுன்ட் கன்ட்ரோல் பற்றி ஓர் எச்சரிக்கை வரும், பயப்பட வேண்டாம், ஓகே கொடுங்கள். அது சொல்வது ஒன்றுதான்: புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் என்னைப் போடாதே, அங்கே எழுதுவதற்கு விண்டோஸ் விடாது. சி டிரைவில் நேரடியாக 'எக்ஸாம்ப்' என்ற ஃபோல்டர், அது தானாகக் காட்டுவதை அப்படியே விட்டுவிடுங்கள்.

அடுத்து எதையெல்லாம் போடலாம் என்று ஒரு பட்டியல் வரும். அப்பாச்சி, பிஎச்பி இரண்டும் கட்டாயம். மைஎஸ்க்யூஎல், பிஎச்பி மைஅட்மின் (டேட்டாபேஸைப் பிரவுசரிலேயே பார்த்து மாற்ற உதவுவது) இரண்டும் டிக்கோடு இருக்கட்டும். ஃபைல்ஜில்லா, மெர்க்குரி, டாம்கேட், பெர்ல், வெப்அலைசர் இதெல்லாம் உங்களுக்கு இப்போது தேவையில்லை, எடுத்துவிடுங்கள். பிறகு எக்ஸாம்ப்பின் கன்ட்ரோல் பேனலைத் திறந்து அப்பாச்சிக்கு எதிரே ஸ்டார்ட், மைஎஸ்க்யூஎல்லுக்கு எதிரே ஸ்டார்ட். இரண்டு பெயருக்கும் பின்னால் பச்சை வர வேண்டும்.

முதல் முறை தொடங்கும்போது விண்டோஸ் ஃபயர்வால் அனுமதி கேட்கும். பிரைவேட் நெட்வொர்க்குக்கு மட்டும் டிக், பப்ளிக்குக்கு வேண்டாம். பிஜியில் முப்பது பேர் ஒரே வைஃபையில் இருக்கிறோம், அங்கே உங்கள் அரைகுறைத் தளம் அடுத்த அறைக்காரருக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை.

பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் என்று தட்டினால் எக்ஸாம்ப்பின் வரவேற்புப் பக்கம் வரும். வந்துவிட்டதா? சர்வர் ஓடுகிறது. இதே பக்கம் 127.0.0.1 என்று தட்டினாலும் வரும், இரண்டும் ஒன்றுதான், 'நான் என்னையே கூப்பிடுகிறேன்' என்று அர்த்தம். இன்டர்நெட்டே இல்லாவிட்டாலும் இது வேலை செய்யும்.

பச்சை வராமல் போனால்

"அண்ணா, பச்சை வந்த உடனே போயிடுது" என்று தம்பி வந்து நின்றான். பத்தில் எட்டுப் பேருக்கு இந்த இடத்தில்தான் நிற்கும் என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடுவோம்.

ஐபி முகவரி (நெட்வொர்க்கில் கணினியின் எண் முகவரி) பிஜி கட்டடம் என்றால் போர்ட் என்பது அறை எண். 0 முதல் 65535 வரை அறைகள் இருக்கின்றன. வெப் சர்வருக்கு வழக்கமான அறை 80, பூட்டு போட்ட எச்டிடிபிஎஸ்ஸுக்கு 443, மைஎஸ்க்யூஎல்லுக்கு 3306. ஓர் அறையில் ஒருவர்தான். நீங்கள் போவதற்கு முன் வேறொரு புரோகிராம் 80இல் பெட்டியை வைத்துவிட்டால் அப்பாச்சி கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடும், பச்சை போய்விடும்.

யார் உள்ளே இருக்கிறார்கள் என்று பார்க்க கன்ட்ரோல் பேனலின் வலது பக்கம் நெட்ஸ்டாட் என்று ஒரு பட்டன் இருக்கிறது, தட்டினால் எந்த அறையில் யார் என்று பட்டியல் வரும். 80க்கு எதிரே சிஸ்டம் என்றும் அதன் பிஐடி (ஓடும் புரோகிராமுக்கு விண்டோஸ் கொடுக்கும் எண்) 4 என்றும் இருந்தால் அது விண்டோஸே எடுத்து வைத்திருக்கிறது, பெரும்பாலும் மைக்ரோசாஃப்டின் சொந்த வெப் சர்வரான ஐஐஎஸ் காரணமாக இருக்கும். அதைக் கொல்லப் பார்க்காதீர்கள். சண்டை போடுவதைவிட வேறு அறைக்குப் போவது சுலபம்.

அப்பாச்சிக்கு எதிரே இருக்கும் கான்ஃபிக் பட்டனில் முதலாவதாக வரும் எச்டிடிபிடி கோப்பைத் திறங்கள். 'லிசன் 80' என்ற வரியைத் தேடி 8080 ஆக்குங்கள். கொஞ்சம் கீழே 'சர்வர்நேம் லோக்கல்ஹோஸ்ட்:80' என்று இருக்கும், அதையும் 8080 ஆக்கிச் சேமியுங்கள். முன்னால் # குறி போட்ட வரிகள் வெறும் குறிப்புகள், அவற்றை மாற்றி ஒரு பயனும் இல்லை, தம்பி அதைத்தான் மாற்றிவிட்டு அரை மணி நேரம் திட்டிக்கொண்டிருந்தான். கடைசியாக, பேனலின் மேல் மூலையில் இருக்கும் பொதுவான கான்ஃபிக் பட்டனுக்குள் சர்வீஸ் அண்ட் போர்ட் செட்டிங்ஸ் பகுதியிலும் 8080 என்று சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பேனல் பழைய அறையையே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். இனி முகவரி லோக்கல்ஹோஸ்ட்:8080. முக்காற்புள்ளியும் எண்ணும் ஒவ்வொரு முறையும் வேண்டும்.

443இலும் இதே அடிதடி வரலாம், அதற்கு எச்டிடிபிடி-எஸ்எஸ்எல் கோப்பில் 4433 என்று மாற்றிக்கொள்ளலாம். 3306 மோதினால் கல்லூரி லேபுக்காக எப்போதோ போட்ட மைஎஸ்க்யூஎல் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம், விண்டோஸ் சர்வீசஸ் பட்டியலில் அதை நிறுத்திவிடுங்கள்.

முதல் பக்கம்

எக்ஸாம்ப் ஃபோல்டருக்குள் எச்டிடாக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. அதுதான் கவுண்டருக்கு எட்டும் அலமாரி, அதற்குள் இருப்பதை மட்டும்தான் அப்பாச்சி எடுத்துக் கொடுக்கும். உள்ளே 'கடை' என்று ஆங்கில எழுத்தில் ஒரு ஃபோல்டர் போடுங்கள், அதற்குள் இண்டெக்ஸ் என்ற பெயரில் ஒரு பிஎச்பி கோப்பு. நோட்பேடில் சேமிக்கிறவர்கள் கவனம்: விண்டோஸ் கோப்பின் வாலை மறைத்து வைக்கும், நீங்கள் பிஎச்பி என்று நினைத்துச் சேமித்தது பின்னால் டிஎக்ஸ்டி வாலோடு உட்கார்ந்திருக்கும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை முதலில் டிக் செய்துவிடுங்கள்.

கோப்பில் இதை எழுதுங்கள்:

<?= $முறுக்கு = 4 ?> முறுக்கு, ஒன்று <?= $விலை = 15 ?> ரூபாய், மொத்தம் <?= $முறுக்கு * $விலை ?> ரூபாய்.

ஆமாம், தமிழிலேயேதான். பிஎச்பியில் மாறிகளுக்கு (மதிப்பை வைத்திருக்கும், $ குறியோடு தொடங்கும் பெயர்கள்) தமிழில் பெயர் வைக்கலாம், அது ஒன்றும் சொல்லாது. வேலைக்குப் போகிற இடத்தில் இப்படி எழுதினால் டீம் லீட் முறைப்பார், வீட்டில் யார் கேட்பது. லோக்கல்ஹோஸ்ட்/கடை என்று போய்ப் பார்த்தால் '4 முறுக்கு, ஒன்று 15 ரூபாய், மொத்தம் 60 ரூபாய்.' என்று வர வேண்டும். இப்போது பக்கத்தின் மேல் ரைட் கிளிக் செய்து வியூ பேஜ் சோர்ஸ் பாருங்கள். உங்கள் கோடு அங்கே இருக்காது, கணக்கின் விடை மட்டும் இருக்கும். தோசை மட்டும்தான் வெளியே வரும்.

அடுத்து வேண்டுமென்றே உடையுங்கள். கடைசிப் பெருக்கல் குறிக்குப் பிறகு வரும் $விலையை அழித்துவிட்டுச் சேமித்து, பக்கத்தைப் புதுப்பியுங்கள். எந்தக் கோப்பில் எத்தனையாவது வரியில் தப்பு என்று பெரிதாக எழுதிக் காட்டும். எக்ஸாம்ப்பில் பிழை காட்டும் வசதி திறந்தே இருக்கும், வெளியில் ஓடும் சர்வர்களில் பாதுகாப்புக்காக அதை மூடி வைத்திருப்பார்கள். அதனால்தான் அன்று மாமாவுக்கு வெறும் 500 தெரிந்தது, எனக்கும் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு ஒன்றும் புரியவில்லை.

நேரமும் தமிழும்

இரண்டு சின்ன அமைப்புகளை இப்போதே சரிசெய்துவிட்டால் பிறகு தலைவலி இல்லை. எக்ஸாம்ப்பின் பிஎச்பி ஜெர்மனியில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும், நேர மண்டலம் யூரோப்/பெர்லின் என்று போட்டு வருகிறது. நீங்கள் எழுதும் பில்லில் நேரம் கோடையில் மூன்றரை மணியும் குளிர்காலத்தில் நாலரை மணியும் பின்தங்கி நிற்கும். அப்பாச்சியின் கான்ஃபிக் பட்டனில் பிஎச்பி ஐஎன்ஐ கோப்பைத் திறந்து, டைம்ஸோன் என்று தேடி, ஏசியா/கொல்கத்தா என்று மாற்றுங்கள். முன்னால் அரைப்புள்ளி இருக்கும் வரி தூங்குகிறது, இல்லாத வரிதான் வேலை செய்கிறது, ஒன்றுக்கு மேல் வந்தால் எல்லாவற்றையும் பாருங்கள். அதே கோப்பில் 'எக்ஸ்டென்ஷன்=இன்ட்ல்' என்று ஒரு வரி தூங்கிக்கொண்டிருக்கும், அதன் முன்னால் உள்ள அரைப்புள்ளியை எடுத்து எழுப்பிவிடுங்கள். சேமித்து, அப்பாச்சியை நிறுத்தி மறுபடி தொடங்கினால்தான் மாற்றம் பிடிக்கும்.

இன்ட்ல் எதற்கு? 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? நமக்கு மூன்று. யூனிகோடுக்கு (உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் முறை) ஐந்து: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. அந்த எண்களைக் கோப்பில் எழுதும் முறையான யூடிஎஃப்-8இல் சேமிக்கும்போது ஒவ்வொன்றும் மூன்று பைட், ஆக 15. பிஎச்பியில் நீளம் அளக்கும் பழைய ஃபங்ஷன் 15 என்று சொல்லும், எம்பி என்று தொடங்கும் அதன் தங்கை 5 என்று சொல்லும், இன்ட்லோடு வரும் கிராஃபீம் ஃபங்ஷன்தான் 3 என்று நம்மைப் போல எண்ணும். ஆங்கிலப் பாடம் பார்த்து எழுதுகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. அவர்கள் செய்தியின் முதல் நூறு எழுத்தை வெட்டிக் காட்டச் சொல்கிற இடத்தில், நம் தமிழ் வரி பாதியில் அறுந்து, கடைசியில் கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி நிற்கும்.

இன்னொன்று, பிஎச்பி பக்கத்தில் தமிழ் சரியாக வந்து, எச்டிஎம்எல் பக்கத்தில் மட்டும் கொம்பு முளைத்த விசித்திர எழுத்துகள் வந்தால் திகைக்காதீர்கள். பிஎச்பி, தான் அனுப்புவது யூடிஎஃப்-8 என்று பிரவுசரிடம் தானே சொல்லிவிடுகிறது, எச்டிஎம்எல் கோப்புக்கு நீங்கள்தான் தலைப்பகுதியில் மெட்டா சார்செட் வரியை எழுதிச் சொல்ல வேண்டும்.

டேட்டாபேஸ், அப்புறம் வேர்ட்பிரஸ்

லோக்கல்ஹோஸ்ட்/பிஎச்பிமைஅட்மின் என்று போங்கள், போர்ட் மாற்றியவர்கள் 8080ஐ மறக்க வேண்டாம். பாஸ்வேர்டே கேட்காமல் உள்ளே விடும், ஏனென்றால் ரூட் என்ற பயனருக்கு எக்ஸாம்ப்பில் பாஸ்வேர்டு காலி. நம் சொந்த மெஷினுக்குள் இருக்கிற வரை சரி. இதனால்தான் எக்ஸாம்ப்பை அப்படியே தூக்கி இணையத்தில் வைக்கக் கூடாது, இது பழகும் இடம்.

நியூ என்பதைத் தட்டி 'பலகாரம்' என்று ஆங்கில எழுத்தில் ஒரு டேட்டாபேஸ் உருவாக்குங்கள். பக்கத்தில் இருக்கும் கொலேஷன் (எழுத்துகளைச் சேமித்து ஒப்பிடும் முறை) பட்டியலில் 'யூடிஎஃப்8எம்பி4' என்று தொடங்குவதில் யூனிகோடு சிஐ என்று முடிவதைத் தேர்ந்தெடுங்கள். வெறும் யூடிஎஃப்8 என்று ஒன்று இருக்கிறதே, அது எழுத்துக்கு மூன்று பைட் வரைதான் தாங்கும். தமிழுக்கு மூன்று போதும், ஆனால் வாடிக்கையாளர் 'அதிரசம் சூப்பர்' என்று எழுதி பின்னால் ஒரு எமோஜி போட்டால் அது நாலு பைட், அங்கே அடிபடும். லத்தீன்1 என்று விட்டுவிட்டால் இன்னும் மோசம், நீங்கள் தட்டிய தமிழ் முழுக்க வெறும் கேள்விக்குறிகளாகச் சேமிக்கப்படும், பிறகு எந்த அமைப்பை மாற்றினாலும் அது திரும்பி வராது.

வேர்ட்பிரஸை அதன் அதிகாரபூர்வத் தளத்தில் ஜிப்பாக இறக்கி, எச்டிடாக்ஸுக்குள் பிரித்துப் போட்டு, ஃபோல்டர் பெயரையும் பலகாரம் ஆக்குங்கள். பிரவுசரில் அந்த முகவரிக்குப் போனால் கேள்வி கேட்க ஆரம்பிக்கும். டேட்டாபேஸ் பெயர் பலகாரம், பயனர் ரூட், பாஸ்வேர்டு பெட்டியில் ஒன்றும் வேண்டாம் (அதுவே ஏதோ மாதிரி வார்த்தை போட்டு வைத்திருந்தால் அழித்துவிடுங்கள்), ஹோஸ்ட் லோக்கல்ஹோஸ்ட். மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். அட்மின் பாஸ்வேர்டை மட்டும் எங்காவது எழுதி வையுங்கள். மறந்துவிட்டு 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று தட்டினால் மெயில் வராது, உங்கள் லாப்டாப்பில் மெயில் அனுப்பும் ஏற்பாடு எதுவும் இன்னும் செய்யவில்லை.

ஃபோனில் பார்க்க

மாமா கடைக்கு ஆர்டர் போடுகிறவர்கள் எல்லாம் ஃபோனில்தான் பார்க்கிறார்கள், அதனால் எனக்கு இது முக்கியம். லாப்டாப்பும் ஃபோனும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். விண்டோஸின் வைஃபை விவரத்தில் ஐபிவி4 முகவரி என்று பாருங்கள், பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். ஃபோன் பிரவுசரில் அந்த எண்ணும் பின்னால் /கடையும். ஃபோனில் லோக்கல்ஹோஸ்ட் என்று தட்டிவிட்டு வரவில்லையே என்று கேட்கக் கூடாது, அங்கே லோக்கல்ஹோஸ்ட் என்றால் ஃபோனேதான்.

பிஜி வைஃபையில் இது பெரும்பாலும் வராது. ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி ரூட்டரிலேயே தடுத்து வைத்திருப்பார்கள், நியாயமான காரியம்தான். ஃபோனில் ஹாட்ஸ்பாட் போட்டு லாப்டாப்பை அதில் சேர்த்து, அந்த நெட்வொர்க்கை விண்டோஸில் பிரைவேட் என்று குறித்துவிட்டால் வரும். கையால் எழுதிய பக்கங்களுக்கு இது போதும். வேர்ட்பிரஸில் மட்டும் பக்கம் அலங்கோலமாகத் தெரியும், ஏனென்றால் அது தன் முகவரியை லோக்கல்ஹோஸ்ட் என்று டேட்டாபேஸில் எழுதி வைத்திருக்கிறது. அந்த முகவரியை 192.168 என்று மாற்றிவிடலாமே என்று தோன்றும். நாளைக்கு ரூட்டர் வேறு எண் கொடுத்ததும் நீங்களே உள்ளே போக முடியாமல் வெளியே நிற்பீர்கள். அதற்கு எஃப் 12 தட்டி, பிரவுசரின் மொபைல் காட்சியில் பார்த்துக்கொள்வது மேல்.

கரண்ட் போய் மைஎஸ்க்யூஎல் எழுந்திருக்க மறுத்தால்

என் பழைய லாப்டாப்பின் பேட்டரி செத்துப் பல நாளாகிறது. மழை வந்தால் கரண்ட் போகும், கரண்ட் போனால் மெஷின் அப்படியே அணையும், மறுபடி போட்டால் மைஎஸ்க்யூஎல் 'எதிர்பாராமல் நின்றுவிட்டது' என்று சிவப்பில் எழுதும். முதல் முறை நான் பதறி எக்ஸாம்ப்பையே நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டு, இரண்டு மாத வேலையைத் தொலைத்தேன். நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

எக்ஸாம்ப்புக்குள் மைஎஸ்க்யூஎல் ஃபோல்டரில் டேட்டா, பேக்கப் என்று இரண்டு இருக்கும். டேட்டாவுக்கு 'டேட்டா பழையது' என்று பெயர் மாற்றுங்கள், அழிக்க வேண்டாம். பேக்கப்பை நகலெடுத்து அந்த நகலுக்கு டேட்டா என்று பெயர் வையுங்கள். பழையதிலிருந்து நீங்கள் உருவாக்கிய டேட்டாபேஸ்களின் ஃபோல்டர்களை மட்டும் (நமக்கு பலகாரம்) புதியதற்குள் நகலெடுங்கள். மைஎஸ்க்யூஎல், பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமா, பிஎச்பி மைஅட்மின் என்ற பெயருள்ளவற்றைத் தொடாதீர்கள். கடைசியாகப் பழையதிலிருந்து 'ஐபிடேட்டா1' என்ற கோப்பை எடுத்துப் புதியதன் மேல் போடுங்கள். இந்த ஒரு கோப்பில்தான் உங்கள் அட்டவணைகளைப் பற்றிய கணக்கெல்லாம் இருக்கிறது, இதை விட்டுவிட்டால் அட்டவணைப் பெயர்கள் தெரியும், திறந்தால் இல்லை என்று சொல்லும். இப்போது ஸ்டார்ட்.

இதெல்லாம் வராமல் இருக்க, வேலை முடிந்ததும் இரண்டுக்கும் ஸ்டாப் கொடுத்துவிட்டு அப்புறம் குவிட். வாரம் ஒரு முறை பிஎச்பி மைஅட்மினில் எக்ஸ்போர்ட் தட்டி வரும் எஸ்க்யூஎல் கோப்பைப் பென் டிரைவில் போட்டு வைக்கிறேன், எச்டிடாக்ஸ் ஃபோல்டரையும் சேர்த்து. இரண்டும் வேண்டும். கோப்பு மட்டும் இருந்தால் மாஸ்டர் இருக்கிறார், மாவு இல்லை.

வெளியே அனுப்பும்போது

கையால் எழுதிய தளம் என்றால் கோப்புகளை ஏற்றி, டேட்டாபேஸை எக்ஸ்போர்ட் செய்து அங்கே இம்போர்ட் செய்து, பாஸ்வேர்டு விவரத்தை மாற்றினால் முடிந்தது. வேர்ட்பிரஸில் லோக்கல்ஹோஸ்ட் என்ற முகவரி நூற்றுக்கணக்கான இடத்தில் பதிந்திருக்கும். எஸ்க்யூஎல் கோப்பை நோட்பேடில் திறந்து ஃபைண்ட்-ரீப்ளேஸ் போடலாம் என்று கை துறுதுறுக்கும், போடாதீர்கள். சில இடங்களில் சொல்லோடு அதன் நீளத்தையும் பைட் கணக்கில் எழுதி வைத்திருக்கிறது, சொல் மாறி நீளம் மாறாவிட்டால் அந்த அமைப்பையே வேர்ட்பிரஸ் தூக்கி எறிந்துவிடும். இடம்பெயர்க்கும் பிளகின் ஒன்றைப் பயன்படுத்தினால் நீளத்தையும் சேர்த்து மாற்றிக் கொடுக்கும்.

ஏற்றுவதற்கு முன் கோப்புப் பெயர்களை எல்லாம் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். விண்டோஸுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றுதான், ஹோஸ்டிங் சர்வர்கள் பெரும்பாலும் லினக்ஸ், அதற்கு இரண்டும் வேறு வேறு. மாமா கடையின் புதுத் தளத்தை இந்தப் பக்குவமெல்லாம் பார்த்து ஏற்றிய பிறகும் ஏழு படங்கள் மட்டும் தெரியவில்லை. கேமராவிலிருந்து வந்த பெயர்களில் ஜேபிஜி பெரிய எழுத்தில் இருந்தது, என் கோடில் சின்ன எழுத்து, லாப்டாப்பில் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஏழுக்கும் பெயர் மாற்றி மறுபடி ஏற்றி முடித்தபோது மணி பன்னிரண்டரை, மாமா அதற்குள் தூங்கிவிட்டார்.